கழுத்தில் மூன்று எம்.எம்.

12.8.2009, புதன்

இன்று பட்டறை லேத்தில், இரும்பைச் சீவும் டூலைப் பிடித்திருக்கும் ஹோல்டர் கழுத்தோடு முறிந்தது. உடைந்த துண்டு, லேத்தை ஓட்டிக்கொண்டிருந்த செல்வத்தின் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் குத்தி நின்றது.

அந்த ஹோல்டரை வரைந்தவன் நான். இரும்புச் சுருள் சிக்காமல் வெளியேறட்டும் என்று கழுத்தில் மூன்று எம்.எம். குறைத்திருந்தேன்.

செல்வம் என் கையைப் பிடித்துக்கொண்டான். "ஸ்பீடு நான்தான் ஜாஸ்தி வெச்சிட்டேன் மச்சான். மொதலாளிகிட்ட சொல்லிடாத."

சரி என்றேன்.

வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவன் வைத்த வேகத்தில் தப்பில்லை.

அதே வரைபடத்தில் செய்த இன்னொரு ஹோல்டரை மாட்டிவிட்டுத்தான் அவன் கிளம்பினான். காலை ஏழு மணிக்கு ஓட்டுவான். மெதுவாக ஓட்டுவானாம். திருப்பாதிரிப்புலியூரில் அவன் வீடு எனக்குத் தெரியும். செருப்பைப் போட்டுக்கொண்டு இங்கேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.