ஊதா ஷீட்டும் மச்சினன் ஸ்கூட்டரும்

14 ஜூலை 1974, ஞாயிறு

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். இன்று என் ஷெட்டில் ஒரு ஸ்கூட்டரைத் தொட்டுவிட்டு “ஐயோ அம்மா” என்று அலறினேன். வண்டி ஓடக்கூட இல்லை, சும்மா நின்றுகொண்டிருந்தது.

“இன்னா மாமா, வண்டி கடிக்குதா?” என்றான் மச்சினன் ஜெயராமன். முதுகுப் பிடிப்பு என்றேன், விரலைப் பிடித்துக்கொண்டு.

அவன் எட்டு வருஷம் பெயர் பதிந்து காத்திருந்து வாங்கிய வண்டி. கார்புரேட்டரைச் சுத்தம் செய்து தருகிறேன் என்று நான்தான் வலியப் போய்க் கேட்டேன். அடுத்த ஞாயிறு வேண்டுமாம்.

எங்கள் ஊர் நூம்பலில் தரைக்குப் பிளாஸ்டிக் ஷீட் ஒட்டிய ஷெட் என்னுடையது ஒன்றுதான். ஊதா நிறம், வெள்ளைப் பூ. வருகிறவர்கள் தாங்களாகவே செருப்பை வெளியே விடுகிறார்கள். என் குதிகால் வெடிப்பு ஷீட்டைக் கீறிவிடுமென்று நான் மட்டும் நைலான் சாக்ஸ் போட்டு வழுக்கி வழுக்கி நடக்கிறேன். நாற்பத்தாறு வயதில்.

17 ஜூலை, புதன்

ஷீட்டைப் பார்க்க நைலான் புடவையில் வந்த பக்கத்து வீட்டுத் தாயம்மா வண்டியின் பிரேக்கைத் தொட்டாள். சுரீர்!

“ஆடி பொறந்த அன்னிக்கே ஆத்தா உங்கூட்ல எறங்கிகீறா” என்றாள்.

தாயம்மாவிடம் போன செய்தி பஸ்ஸுக்கு முன்னால் குமணன்சாவடி போய்ச் சேரும். சாயங்காலம் ஷெட் வாசலில் வேப்பிலை.

18 ஜூலை, வியாழன்

ஃபேக்டரியில் தீயணைப்புப் பிரிவு கோவிந்தராஜிடம், ‘என் சிநேகிதன் ஒருவனுக்கு’ என்று ஆரம்பித்துக் கேட்டேன். ஃபேக்டரிப் பாதுகாப்புக் குழுச் செயலாளரான நான் எனக்கென்று எப்படிக் கேட்பது?

காய்ந்த மேல்காற்றில் நைலானும் பிளாஸ்டிக்கும் உரசினால் உடம்பில் மின்சாரம் ஏறுமாம். இரும்பைத் தொட்டால் பொறி பறக்குமாம். அப்புறம், சிநேகிதர் அங்கே என்ன வேலை செய்கிறார் என்று கேட்டான். பேசினில் பெட்ரோல் ஊற்றி கார்புரேட்டர் கழுவுவார் என்றேன்.

டீ கிளாஸைக் கீழே வைத்தான். “மாமே, உன் சிநேகிதன் ஊட்டு அட்ரஸ் குடு. ஃபயர் வண்டிய இப்பவே கொண்டாந்து வாசல்ல நிறுத்திக்கிறேன்.”

19 ஜூலை, வெள்ளி

கோவிந்தராஜ் சம்சாரம் மூலமாக விஷயம் என் மனைவி நாகம்மாவுக்கு வந்துவிட்டது. ஷெட் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அடுப்பு.

“ஷீட்ட பிச்சி எறி. இல்லன்னா நான் எங்கம்மா ஊட்டுக்குப் போறேன்.”

பிய்ப்பதா? ஊரே வந்து பார்த்த ஷீட்டை? விஞ்ஞானத்தால் தீர்ப்பேன் என்றேன். இரும்புச் சங்கிலியின் ஒரு முனையைக் கணுக்காலில் கட்டி, மறு முனையை வாசலுக்கு வெளியே வீசினேன். மின்சாரம் பூமிக்குப் போய்விடும்.

“கோயில் யானையாவது ஆசீர்வாதம் பண்ணும்” என்றாள் நாகம்மா.

20 ஜூலை, சனி

அடிக்கவில்லை.

21 ஜூலை, ஞாயிறு

பத்துப் பேர் முன்னிலையில் வண்டியைத் தொட்டேன். அடிக்கவில்லை. சங்கிலி இல்லாத தாயம்மாவும் தொட்டாள்; அவளுக்கும் அடிக்கவில்லை. ஆத்தா குளிர்ந்துவிட்டாளாம். என் சங்கிலி ஷெட் முழுவதையும் காக்கிறது என்று விளக்கினேன்.

அந்தத் தைரியத்தில் அங்கேயே பேசினில் பெட்ரோல் ஊற்றி, சீட்டியடித்துக்கொண்டே கார்புரேட்டரைக் கழுவி முடித்தேன். நாகம்மா வாசலில் மணல் வாளியோடு நின்றாள். ஜெயராமன் என்னையும் பார்க்காமல் சங்கிலியையும் பார்க்காமல் வண்டியை எடுத்துப் போனான்.

22 ஜூலை, திங்கள்

பாதுகாப்புக் குழுவில் சங்கிலி பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன். கைதட்டினார்கள்.

23 ஜூலை, செவ்வாய்

நாகம்மா விடியற்காலையிலேயே சென்னீர்குப்பம் போய்விட்டாள். கோபமில்லை, அம்மா வீட்டில் கூழ் ஊற்றுகிறார்கள். நான் சங்கிலியும் காலுமாக ஷெட்டுக்குள் போய் இரும்பு பீரோவைத் தொட்டேன்.

சுரீர். பளிச்சென்று பொறியும் பார்த்தேன்.

சாயங்காலம் வந்தவளிடம் சொன்னேன். அவள் குரலைக்கூட உயர்த்தவில்லை. “இன்னிக்கு நான் மஞ்சத்தண்ணி தெளிக்கல இல்ல.” சனிக்கிழமையிலிருந்து நான் எழுவதற்கு முன்பே ஷீட் முழுக்கத் தெளித்து வந்திருக்கிறாள். தாயம்மா சொன்னாளாம். சாக்ஸ் ஈரத்தை நான் வேர்வை என்று நினைத்தேன்.

“ஆத்தாவோ கரண்டோ, எனக்கு இன்னா தெரியும்? பெட்ரோல வெச்சிகினு கூத்தாடற ஆள நம்பிகினு அடுப்பு பத்தவெக்க முடியுமா?”

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் தெளிக்காமல் இருந்திருந்தால் — வேண்டாம், எழுதவில்லை.

உளியை எடுத்து ஷீட்டைப் பிய்க்க ஆரம்பித்தேன். பாதி வந்துவிட்டது. இருட்டுவதற்குள் சங்கிலியின் மறு முனை எங்கே போகிறதென்று போய்ப் பார்த்தேன்.

மண்ணில் இல்லை. செருப்பு விடுமிடம் அழகாக இருக்கட்டும் என்று மீந்த ஷீட்டை வாசலுக்கு வெளியேயும் ஒட்டியிருந்தேன். வெள்ளிக்கிழமையிலிருந்து அதன் மேல்தான் கிடக்கிறது.