ஊமைமணியும் ஒரு தூக்குச்சட்டியும்

ஆமத்தூர்,
5.11.2003

அன்புள்ள வெள்ளைத்தாய்க்கு,

பாண்டிமீனா எழுதுகிறேன். நீயும் உன் அம்மாவும் திருப்பூரில் உன் அக்கா வீட்டில் சுகமாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உறையின் மேல் உன் அடுத்த வீட்டுச் சொர்ணலட்சுமி அக்கா பெயர் இருப்பதைப் பார்த்துத்தான் பிரித்திருப்பாய். என் பெயரைப் போட்டால் பிரிக்க மாட்டாய் என்று அவர்தான் அப்படிச் செய்யச் சொன்னார். உனக்குச் செய்த தப்புகளோடு இதையும் சேர்த்துக்கொள்.

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிக்கு இருபது நாள் லீவு விட்டிருக்கிறார்கள். கையில் ஒட்டிய வெள்ளி மருந்து இப்போதுதான் போயிருக்கிறது. ஐப்பசி பிறந்தும் மழை தூறலோடு நிற்கிறது. நம் கம்பெனிச் சண்முகத்தாய் அக்காவின் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. அங்கே பனியன் கம்பெனியில் உட்கார்ந்து வேலையா, நின்றுகொண்டே வேலையா? உன் அம்மாவுக்குக் கை கொஞ்சம் அசைகிறது என்று கேள்விப்பட்டேன், சந்தோஷம்.

டிவியில் 'ஊமைமணி' தொடர் முடிந்துவிட்டது. புரட்டாசிக் கடைசி வியாழக்கிழமை போட்டார்கள். நீ சொன்னதுதான் சரி. நாக்கில்லாத கோயில் மணி அமாவாசை தோறும் அடித்ததற்கும், மறுநாள் ஜமீன் வீட்டில் ஒரு உயிர் போனதற்கும் காரணம் அந்த வைத்தியர்தான். அவர் செத்தே இருபது வருஷமாம். வைத்தியர் அறையில் தேதி காலண்டர் கிழிபடாமல் பதினேழிலேயே நிற்கிறது என்று நீ சித்திரை மாதமே சொல்லிவிட்டாய். காலண்டர் அடிக்கிற ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு எங்கள் ஒருத்திக்கும் அது தோன்றவில்லை. நான் அந்தக் காலண்டரை வாராவாரம் கண்ணால் பார்த்தவள். நீ என் வாயால் கேட்டவள். "போன வாரமும் பதினேழுன்னுதான சொன்ன?" என்று நீ கேட்டது இப்போதும் காதில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலையில் கம்பெனி வேனில் ஏறியதும் "முதல்ல இருந்து சொல்லு மீனா" என்பாய். நான் பாட்டு, சேலை, சுவரில் மாட்டிய படம் வரை ஒன்று விடாமல் சொல்வேன். நான் சொல்லும் அழகுக்காக நீ கேட்கிறாய் என்று எனக்கு ஏகப்பட்ட பெருமை. உன் வீட்டில் டிவி இல்லை, கரண்டே இல்லை என்று எனக்குத் தெரியாது. ஒரு வாரம்கூட நீ அந்தத் தொடரைப் பார்த்ததில்லை என்பதை உன் பூட்டிய வீட்டு வாசலில் நின்றுதான் தெரிந்துகொண்டேன். இரண்டு வருஷம் ஒரே சீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள் நான்.

நான் கண்டுபிடித்த துப்பு உனக்கு நினைவிருக்கும். ஜமீன் வீட்டுச் சமையல்காரி எல்லோருக்கும் பரிமாறுகிறாள், அவள் சாப்பிட்டு ஒரு வாரமும் காட்டவில்லை. நாலு பேர் முன்னால் சாப்பிடாதவள் மனுஷியே இல்லை, அவள்தான் ஆவி என்று சொன்னேன். வேனே கை தட்டியது. டிரைவர் அண்ணன்கூட ஆமாம் என்றார். நீ மட்டும் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாய்:

"சாப்பிட ஒண்ணும் இல்லாமக்கூட இருக்கலாம்ல."

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகமாகச் சிரித்தேன். ஜமீன் வீட்டில் சோற்றுக்குப் பஞ்சமா என்று கேட்டேன். நீயும் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு எனக்குப் பார்க்கிறதெல்லாம் துப்பாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. கொழுப்பு, வேறென்ன. அந்த ஆனி மாதம் பூச்சட்டிப் பெட்டிகள் ஒரு லோடில் குறைகிறது என்று போர்மேன் ரத்தினசாமி அண்ணன் எல்லோரையும் விசாரித்தார். அப்போது நான் போய், எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது என்று சொன்னேன். உன் தூக்குச்சட்டியை மத்தியானம் எங்கள் முன்னால் நீ திறந்ததே இல்லை, நாங்கள் சாப்பிடும் வேப்பமரத்துப் பக்கம் வராமல் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தனியாகப் போய்விடுகிறாய் என்றேன். காலையில் வேனில் ஏறும்போது உன் சட்டியை நான் வாங்கி வைத்திருக்கிறேன், லேசாக இருக்கும், சாயங்காலம் கனக்கும் என்றேன். இறங்கும்போது எல்லோருக்கும் முந்தி இறங்கி ஓடுகிறாய் என்றேன். மூன்று துப்பு. வேனில் கை தட்டினார்களே, அதே மிதப்பில் சொன்னேன். உன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அதுதான் எனக்கே பொறுக்கவில்லை. கோபத்தில் செய்திருந்தால் கோபம் என்று ஒரு காரணமாவது இருக்கும்.

அன்று சாயங்காலம் கம்பெனி கேட்டில் வைத்து அவர் உன் தூக்குச்சட்டியைத் திறக்கச் சொன்னதை நான் எழுத வேண்டியதில்லை. ஆனால் எழுதத்தான் வேண்டும், எழுதாவிட்டால் நான் இன்னும் மறைக்கிறேன் என்று ஆகிவிடும். உள்ளே பெட்டியும் இல்லை, மருந்தும் இல்லை. விளிம்பு வரை தண்ணீர். அவர் பிடுங்கிய வேகத்தில் பாதி உன் சேலையில் கொட்டியது. "என்னத்தா, தண்ணியவும் களவாங்க ஆரம்பிச்சுட்டீகளா?" என்று அவர் சிரித்தார். லாரியில் விலைக்கு வாங்கும் தண்ணீர் என்றார். உன் கூட்டாளிதான் சொன்னாள் என்று என்னைக் கை காட்டினார். நீ நேரே என்னிடம் வந்தாய்.

"எங்கிட்டயே கேட்டிருக்கலாம்ல, மீனா."

அதுதான் நீ என்னிடம் கடைசியாகப் பேசியது. அன்றைக்கு வேனில் ஏறாமல் நடந்தே போனாய். மறுநாளிலிருந்து வேலைக்கும் வரவில்லை. பத்து நாள் கழித்துத் தைரியம் வந்து உன் வீட்டுக்குப் போனேன். பூட்டு தொங்கியது. அடுத்த வீட்டுச் சொர்ணலட்சுமி அக்காதான் எல்லாம் சொன்னார். பஞ்சாயத்துத் தண்ணீர் லாரி பதினொரு மணிக்கு வருமாம். அந்த நேரம் நீ கம்பெனியில் இருப்பாயாம். வாதத்தில் கிடக்கிற உன் அம்மாவால் குடத்தோடு போய் நிற்க முடியாதாம். வீட்டில் பொங்குகிற சோற்றை அம்மாவுக்கு வைத்துவிட்டு, வெறும் சட்டியோடு வேலைக்கு வந்து, திரும்பும்போது குடிக்கிற தண்ணீரைக் கொண்டு போவாயாம். அம்மாவுக்கு நாக்கு வறண்டிருக்குமே என்றுதான் முந்தி இறங்கி ஓடினாயாம். சொர்ணலட்சுமி அக்கா என்னைத் திட்டவில்லை, ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்தார். என்னால் குடிக்க முடியவில்லை.

பூச்சட்டிப் பெட்டிகள் ஆடியில் கிடைத்துவிட்டன. நாக்பூர் ஆர்டரோடு மாறி ஏறிப் போயிருக்கின்றன. ரத்தினசாமி அண்ணன் அதை யாரிடமும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது, நானும் சொல்லவில்லை.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. உனக்கு அது தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆவணியில் அச்சங்குளத்திலிருந்து, உன்னைப் பெண் கேட்க நினைத்த காளீஸ்வரனின் அத்தை உன்னைப் பற்றி விசாரிக்க எங்கள் வேன் நிற்கிற இடத்துக்கு வந்தார். பிள்ளை எப்படி என்று கேட்டார். கேட்டில் வைத்துச் சட்டியைச் சோதித்தார்கள், அப்புறம் வேலைக்கு வரவில்லை, வேறு எதுவும் எங்களுக்குத் தெரியாது என்று யாரோ சொன்னார்கள். நான் அங்கேதான் நின்றேன். உண்மை அத்தனையும் என் வாயில் இருந்தது. சொன்னால் நான் செய்ததையும் சொல்ல வேண்டும். செருப்பு வார் அறுந்துவிட்டது போல் குனிந்துகொண்டேன். அந்த அம்மா போய்விட்டார். காளீஸ்வரனுக்கு ஆமத்தூரிலேயே வேறு இடத்தில் முடிந்துவிட்டது. போன மாதம் நான் அச்சங்குளம் போய் அந்த அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே தாயி என்றார். உன்னைப் போலவே அவரும் கேட்டார்.

இப்போது பல்லடம் பக்கம் உனக்கு ஒரு இடம் பேசுகிறார்கள், அவர்கள் பழைய கம்பெனியில் விசாரிக்கப் போகிறார்களாம், உன் மச்சான் அதற்கே பயந்துகொண்டிருக்கிறாராம் என்று சொர்ணலட்சுமி அக்கா சொன்னார். அதற்காகத்தான் இந்தக் கடிதம். தீபாவளிக்கு முந்தின வாரம் வேனில் எழுந்து நின்று நடந்ததைச் சொல்லிவிட்டேன். ரத்தினசாமி அண்ணனிடம் ஒரு வரி எழுதித் தரச் சொன்னேன். முடிந்துபோன கதை, விடு என்று சொல்லிவிட்டார். அதனால் நானே எழுதி இன்னொரு தாள் இதோடு வைத்திருக்கிறேன். சண்முகத்தாய் அக்காவும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். உன் வீட்டுக் கஷ்டம் அதில் இருக்கிறது. அது நாலு பேருக்குத் தெரிய வேண்டாம் என்று நீ நினைத்தால் காட்டாதே. உன் விருப்பம். உன்னைக் கேட்காமல் இன்னொரு தடவை நான் எதுவும் செய்ய மாட்டேன்.

என்னை மன்னித்துவிடு என்று கேட்க வாய் வரவில்லை. பதில் போட வேண்டாம். அம்மாவைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
பாண்டிமீனா

*

பெண் பார்க்க வரும் பெரியவர்களுக்கு வணக்கம்.

விருதுநகர் மாவட்டம் ஆமத்தூர் கீழத்தெரு சுந்தரபாண்டி மகள் பாண்டிமீனா எழுதுவது. நானும் வெள்ளைத்தாயும் ஒரே பட்டாசுக் கம்பெனியில் இரண்டு வருஷம் லேபிள் ஒட்டினோம். அவளைச் சோதனை போட்டது உண்மை. அவள் எதையும் திருடவில்லை. காணாமல் போனதாகச் சொன்ன பெட்டிகள் வேறு லோடில் இருந்து கிடைத்துவிட்டன. அவள் சட்டியில் இருந்தது, படுக்கையில் கிடக்கிற தாயாருக்குக் கொண்டுபோன குடிதண்ணீர். சந்தேகத்தைக் கிளப்பியது நான். அது என்னுடைய புத்திகெட்ட வேலை. நேரில் கேட்க வேண்டும் என்றால் சொல்லி அனுப்புங்கள், எந்த ஊர் என்றாலும் நான் வந்து எல்லோர் முன்னாலும் சொல்கிறேன்.

அவளைப் போலப் புத்திசாலியை நான் பார்த்ததில்லை. உங்கள் வீட்டுக்கு வந்தால் உங்கள் வீடு நன்றாக இருக்கும். ஒன்றே ஒன்றுதான் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். தினமும் அவள் சாப்பிட்டாளா என்று கேளுங்கள். அவளாகச் சொல்ல மாட்டாள்.

இப்படிக்கு,
சு. பாண்டிமீனா
சாட்சி: சண்முகத்தாய்