கல்லில் ஒரு சிவப்புப் பெயர்

ஷென்ஜென்
17 மார்ச் 2012

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே பேரன் முதற்கொண்டு எல்லோரும் இருக்கிறோம். இந்தக் குளிருக்கு உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று தெரிந்தால் நிம்மதியாக இருக்கும்.

போனில் என் குரலைக் கேட்டால் வைத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம். திரும்பி வந்தாலும் அது எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல.

ஒரு உதவி கேட்க வேண்டியிருக்கிறது. எங்கள் ஊர் ஷாங்பெங்கில் கடுகுப் பூ பார்க்க வருகிறவர்கள் படம் எடுப்பதற்கென்று சுற்றுலாக் கம்பெனிக்காரர்கள் மலைக்கு எதிரே ஒரு மேடை கட்டியிருக்கிறார்கள். படத்தில் மஞ்சள் வயலுக்குப் பின்னால் வெள்ளைக் கல்லறைகள் விழுகின்றனவாம். அதனால் சென்ற மாதம் சரிவில் இருந்த கல்லறைகள் எல்லாவற்றுக்கும் பச்சைப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். பெரியப்பா மகன் சொன்னான். எழுத்துகளும் பச்சைக்குள் போய்விட்டன.

சிங்மிங் நாளுக்கு என்னால் வர முடியாது. உடம்பு கொஞ்சம் சரியில்லை, பெரிதாக ஒன்றுமில்லை. மகன் லேய்க்கு விடுப்பு இல்லை. கல்லறை கூட்டும் அந்த நாளில் உங்கள் தங்கை வான்ரோங் பெயரில்லாமல் கிடப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நீங்கள் ஒரு நாள் போய்விட்டு வர முடியுமா? காலையில் போனால் மாலைக்குள் திரும்பிவிடலாம். கல்லில் அவள் பெயருக்குக் கறுப்பு, பக்கத்தில் என் பெயருக்குச் சிவப்பு. கூலிக்கு ஆள் வைத்தால் எழுத்தை வழியவிட்டுவிடுவான். உங்கள் கையெழுத்து மாதிரி யாருக்கும் வராது.

இதை எங்கள் வீட்டார்தான் செய்ய வேண்டும். தாய்வீட்டாரிடம் கேட்பது முறையில்லை. தெரிந்தேதான் கேட்கிறேன்.

என்றும் உங்கள்,
பெங் தாவ்லின்

---

24 மார்ச் 2012

திரு. பெங் அவர்களுக்கு,

மூட்டு இருக்கிறது, வலிக்கிறது.

செத்தவர் பெயர் கறுப்பு, உயிரோடு இருக்கும் துணையின் பெயர் சிவப்பு என்று எனக்குப் பாடம் நடத்த வேண்டாம். முப்பது வருடமாக வரலாறு நடத்துகிறேன். இன்னும் நடுநிலைத் தர ஆசிரியராகவே நடத்துகிறேன். ஏன் நடுநிலை என்பதும் உங்களுக்குத் தெரியும். நான் பள்ளி மாறுவதற்கு முன், 1999 டிசம்பரில் நம் பள்ளியில் ஏழு பேர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டுப் போட உட்கார்ந்தீர்கள். முதுநிலை ஆசிரியர் பதவி ஒன்று. மூன்று சீட்டு எனக்கு, மூன்று சீட்டு வேதியியல் வாத்தியார் கூவுக்கு. ஏழாவது சீட்டு உங்களுடையது. அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. வயதில் மூத்தவர் என்று கூவுக்குக் கொடுத்துவிட்டார்கள். சொந்தக்காரர் என்பதால் ஒதுங்கிக்கொண்டேன் என்றீர்கள். எனக்கு எதிரியாக இருந்திருந்தால்கூட ஒரு நிமிடம் யோசித்திருப்பீர்கள்.

அதை விடுங்கள். என் தங்கை நான்கு மாதம் படுக்கையில் கிடந்தாள். எனக்கு யாரும் சொல்லவில்லை. தாய்வீட்டார் வந்து முகம் பார்க்காமல் பெட்டியை மூட முடியாது என்று ஊர்ப் பெரியவர்கள் சொன்ன பிறகுதான் என் முகவரி உங்களுக்கு நினைவு வந்தது. வந்தேன், பார்த்தேன், மூடச் சொன்னேன். உங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது நினைவிருக்கும். அதற்கு அடுத்த வருடமே அவளை மலையில் விட்டுவிட்டுக் கடற்கரை ஊருக்குப் பேரனைக் கொஞ்சப் போய்விட்டீர்கள்.

போகிறேன். உங்களுக்காக அல்ல. பதில் தேவையில்லை.

ஷி லியாங்போ

---

5 ஏப்ரல் 2012

திரு. பெங் அவர்களுக்கு,

நேற்றுப் போய்விட்டு வந்தேன். கேட்ட வேலை என்பதால் கணக்கு ஒப்பிக்கிறேன்.

பூ சீசனில் ஷாங்பெங்குக்குச் சாதாரண பஸ் கிடையாது. சுற்றுலாப் பஸ்தான். மஞ்சள் கொடி வைத்திருந்த வழிகாட்டிப் பெண் எல்லோருக்கும் சிவப்புத் தொப்பி கொடுத்தாள்.

"போட்டுக்குங்க மாமா. இல்லன்னா உங்களைத் தொலைச்சிருவேன்."

"நான் பூ பாக்க வரலம்மா. கல்லறைக்குப் போறேன்."

"பரவால்ல மாமா. மூணு மணிக்கு பஸ் எடுத்துருவோம். கல்லறையையும் அதுக்குள்ள முடிச்சிருங்க."

பக்கத்து இருக்கைக்காரி என் மடியில் இருந்த பெயிண்ட் டப்பாக்களைப் பார்த்துவிட்டு, "படம் வரையறவரா நீங்க? என்னை ஒண்ணு வரையுங்களேன், பூவோட," என்றாள். கல்லறையில் பெயர் எழுதுகிறவன் என்றேன். அதற்குப் பிறகு ஊர் வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பிக்கொண்டாள்.

நான் பஸ்ஸுக்கு மட்டும்தான் கட்டியிருந்தேன். சிங்மிங் அன்று கல்லறைக்குப் போகிறவனிடம் நுழைவுச் சீட்டு கேட்பார்கள் என்று நினைக்கவில்லை. ஊர் வாசலில் இரும்புக் கதவு போட்டு, உங்கள் வகையறா ஆள் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான்.

"பெங் வீட்டு ஆளா?"

"இல்ல. பெங் வீட்டுக்குக் கொடுத்த பொண்ணோட அண்ணன்."

"அப்ப விருந்தாளி. விருந்தாளின்னா டிக்கெட் உண்டு."

"கல்லறை கூட்ட வந்திருக்கேன்யா."

"பூ பாக்க வந்தாலும் கல்லறை பாக்க வந்தாலும் கேட்டு ஒண்ணுதான் வாத்தியாரே. தொப்பிய வேற போட்டுக்கிட்டு நிக்கிறீங்க."

தொப்பியைக் கழற்றவே மறந்திருந்தேன். டிக்கெட் வாங்கினேன்.

வயல் முழுக்கப் பூ. கம்பெனி சம்பளத்துக்கு வைத்திருக்கும் ஒரு கிழவர் எருமையைப் பிடித்துக்கொண்டு ஒரே வரப்பில் போவதும் வருவதுமாக இருந்தார். உழவில்லை. கேமராக்காரர்கள் கை தட்டினால் நடப்பார், கை அசைத்தால் நிற்பார். பக்கத்தில் ஈர வைக்கோலைக் கொளுத்திப் பனிமூட்டம் மாதிரி புகை போட்டுக்கொண்டிருந்தார்கள். அழகு, அழகு என்று எல்லோரும் சொன்னார்கள். மஞ்சளாக இருந்தது.

மலைச்சரிவில் நாற்பது கல்லறைக்கு மேல் இருக்கும். எல்லாம் பச்சை. புல்லும் பச்சை, கல்லும் பச்சை. அவளை எங்கே வைத்தோம் என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஒரே ஒரு முறை வந்தவன். வீட்டுச் சாவியால் கற்களைச் சுரண்டிப் பார்த்தேன். முதல் மூன்றும் வேறு யாரோ. நான்காவதில் எங்கள் குடும்பப் பெயர் வந்தது. உங்கள் ஊர் மலையில் அந்தப் பெயர் அவளுக்கு மட்டும்தான்.

புல்லைப் பிடுங்கினேன், கூட்டினேன். ஊதுபத்தி, காகிதம். மாசிபத்திரி இலை அரைத்த பச்சைக் கொழுக்கட்டை நான்கு, மூங்கில் குருத்து வைத்தது. வாங்கியதுதான், என் வீட்டில் இதைச் செய்ய ஆள் இல்லை. பிறகு எழுத்துக்குழியில் இருந்த பச்சையைக் கீறி எடுத்துக் கறுப்பு வைக்கத் தொடங்கினேன். பாதியில் எதிர் மேடையிலிருந்து ஒருவன் கத்தினான்.

"பெரியவரே, கொஞ்சம் குனிங்க! படத்துல விழறீங்க!"

குனிந்தேன். குனிந்தபடியே அவள் பெயரை முடித்தேன்.

அடுத்தது உங்கள் பெயர். மூன்று எழுத்து. சுரண்டிச் சுத்தம் செய்தேன். சிவப்பு டப்பாவைத் திறக்கவில்லை. தூரிகையைக் கழுவவும் இல்லை. கறுப்பிலேயே எழுதினேன். எழுத்து நன்றாகவே வந்திருக்கிறது. தவறுதலாக நடந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தெரிந்தே செய்தேன்.

முடித்த பிறகு ஏதாவது தோன்றும் என்று சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை. பசித்தது. படையல் கொழுக்கட்டையில் இரண்டை எடுத்துப் பஸ்ஸில் சாப்பிட்டேன். மூன்று மணிக்குச் சரியாக எடுத்துவிட்டார்கள்.

இனி நமக்குள் எழுத ஒன்றும் இல்லை.

ஷி லியாங்போ

---

ஷென்ஜென்
14 ஏப்ரல் 2012

அன்புள்ள மச்சானுக்கு,

மழைக்கு முன்னால் வேலையை முடித்துவிட்டீர்கள். நன்றி.

உங்கள் கடிதத்தை லேய்தான் பிரித்து வாசித்தான். கறுப்பு என்று வந்ததும் நிறுத்திவிட்டான். பிறகு எழுந்து, "நான் ராத்திரி ரயிலுக்கே போறேம்ப்பா. தாய்மாமன் செய்யற காரியமா இது?" என்று குதித்தான். உட்காரடா என்றேன். எப்படியும் அங்கே கறுப்புதான் வரப்போகிறது. முன்கூட்டியே மாமா கையெழுத்தில் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மறைத்துப் பயனில்லை. கல்லீரல். டாக்டர் இலையுதிர் காலத்தைப் பற்றிப் பேசுகிறார், அதற்குப் பிந்திய எதையும் பற்றிப் பேசுவதில்லை. முதல் கடிதத்தில் எழுதாததற்குக் காரணம், இரக்கப்பட்டு நீங்கள் போகக் கூடாது. கோபத்தோடு போனாலும் சரி, தங்கைக்காகப் போக வேண்டும் என்று நினைத்தேன்.

சீட்டைப் பற்றி. அன்று எழுதாமல் விட்டதுதான் நியாயம் என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். வான்ரோங் அப்படி நினைக்கவில்லை. "எங்க அண்ணனுக்கு ஒரு கோடு போட உங்க பேனாவுல மை இல்லையா?" என்று கேட்டாள். பிப்ரவரியில் புத்தாண்டு வரும் வரை என்னோடு பேசவில்லை. இது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் சொல்லாமல் விட்டது தப்பு.

இன்னொன்றும் சொல்கிறேன். அவள் நோயை உங்களுக்குச் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் மூன்று கடிதம் எழுதினாள். மூன்றும் திரும்பி வந்தன. உறைமேல் 'இப்பெயருடையவர் இம்முகவரியில் இல்லை' என்று எழுதியிருந்தது. உங்கள் கையெழுத்து யாருக்குத் தெரியாது? அவள் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "எவ்வளவு அழகா எழுதியிருக்கான் பாருங்க," என்றாள். முதல் இரண்டையும் அவளே அடுப்பில் போட்டுவிட்டாள். மூன்றாவது வந்தபோது எழுந்து அடுப்புக்குப் போக அவளால் முடியவில்லை. நான்கு வருடமாக அது என்னிடம் இருக்கிறது. நான் பிரிக்கவில்லை, என் பெயருக்கு எழுதியது அல்ல. இதற்குள் வைத்திருக்கிறேன்.

இந்த உறையையும் திருப்பி அனுப்பினால் தயவுசெய்து அந்தக் கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அனுப்புங்கள்.

உங்கள்,
தாவ்லின்

---

(உள்ளே இருந்தது)

ஷாங்பெங்
22 மார்ச் 2008

அண்ணா,

இதைப் பிரித்துவிட்டாய் என்றால் சந்தோஷம்.

பூ வந்துவிட்டது. இந்த வருடம் டவுனிலிருந்து பஸ் விடுகிறார்கள். ஒரு நாள் வந்துவிட்டுப் போயேன். காலையில் வந்தால் சாயங்காலம் திரும்பிவிடலாம். தங்கச் சொல்லி வற்புறுத்த மாட்டேன். அவர் டவுன் பள்ளியிலிருந்து சனிக்கிழமைதான் வருவார். செவ்வாய், புதனில் வந்தால் நான் மட்டும்தான் இருப்பேன். அந்தச் சீட்டுப் பேச்சை எடுக்கவே மாட்டேன்.

உடம்பு சுமார்தான். பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்க இப்போது பள்ளிக்கூடம் போவதில்லை. அதனால் நாள் முழுக்கச் சும்மா இருக்கிறேன், பேசலாம்.

ஊர் வாசலில் கதவு போட்டு டிக்கெட் கேட்கிறார்கள். நீ வாங்காதே. வான்ரோங் டீச்சரின் அண்ணன் என்று சொல், விட்டுவிடுவார்கள். சொல்லி வைத்திருக்கிறேன். கொழுக்கட்டைக்கு மூங்கில் குருத்து எடுத்து வைத்திருக்கிறேன்.

வான்ரோங்

---

29 ஏப்ரல் 2012

தாவ்லின் மாப்பிள்ளைக்கு,

கடிதம் 18ஆம் தேதி வந்தது. மேசைமேல் வைத்திருந்து 22ஆம் தேதி பிரித்தேன். உள்ளே இருந்ததை நேற்றுத்தான் படித்தேன். படித்துவிட்டு வகுப்புக்குப் போனேன். எந்த மன்னரைப் பற்றி நடத்தினேன் என்று நினைவில்லை. பையன்கள் கேட்கவில்லை.

இன்று ஷாங்பெங் போனேன். சீசன் முடிந்துவிட்டதால் சாதாரண பஸ்தான், கொடியும் தொப்பியும் இல்லை. பூ கொட்டிக் காய் பிடித்திருக்கிறது. எருமைக் கிழவரைக் காணோம். வாசலில் அதே ஆள்.

"மறுபடியும் வந்துட்டீங்களா வாத்தியாரே? பூவெல்லாம் போச்சே."

வான்ரோங் டீச்சரின் அண்ணன் என்று சொன்னேன். அவன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"டீச்சரோட அண்ணனா? எம் பொண்ணுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்ததே அவங்கதான். அந்த வருசம் தினம் காலையில இங்க வந்து, எங்கண்ணன் வந்தா டிக்கெட் கேக்காதன்னு சொல்லிட்டுப் போவாங்க. நடக்க முடியாம குச்சி ஊணிக்கிட்டு வந்தாங்க. இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமுல்ல?"

"அன்னிக்கு எனக்குத் தெரியாது."

"தங்கச்சி பேரு தெரியாதா?"

கதவைத் திறந்துவிட்டான்.

உங்கள் பெயரில் சிவப்பு வைத்தேன். கறுப்பின் மேல் சிவப்பு ஒரே பூச்சில் நிற்பதில்லை, பழுப்பாகிவிடுகிறது. முதலில் கறுப்பைச் சுரண்டினேன். குழிக்குள் ஏறியிருந்தது முழுதாக வரவில்லை. பூசிக் காயவிட்டு, மறுபடி பூசி, மூன்று முறை. மூன்றாவது காயும்வரை அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மேடையில் யாரும் இல்லை, குனியச் சொல்ல ஆளில்லை. கிட்டத்தில் போய்ப் பார்த்தால் ஓரங்களில் கறுப்பு தெரிகிறது. நாலடி தள்ளி நின்றால் சிவப்புதான்.

லேயிடம் சொல்லுங்கள். மன்னிப்பு மாதிரி எதையாவது எழுதலாம் என்று இரண்டு தாள் கிழித்தேன், எனக்கு அது எழுத வரவில்லை. சீட்டு விஷயத்தில் என் எண்ணம் மாறவில்லை. உங்களுடையதும் மாறவில்லை. அது அப்படியே இருக்கட்டும்.

அடுத்த வருடமும் பூவுக்கு முன்னால் பச்சை அடிப்பார்களாம், வாசல்காரன் சொன்னான். மறுபடியும் எழுத வேண்டியிருக்கும். சிங்மிங்குக்கு நான் போகிறேன். மார்ச் மாதத்தில் ஒரு வரி எழுதிப் போடுங்கள். நீங்கள் எழுதினால் சிவப்பு வாங்கிக்கொண்டு போகிறேன். லேய் எழுதினால் கறுப்பு. யார் எழுதினாலும் உறை திரும்பி வராது. இப்பெயருடையவர் இம்முகவரியில்தான் இருக்கிறார்.

மச்சான்,
லியாங்போ