முகம் பார்த்துப் பேசாத பிள்ளை

தஞ்சோங் பகார், சிங்கப்பூர்
12.3.1961

அன்பு மகள் ரத்தினம்மாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், ஈப்போவில் நீயும் நல்லபடியாக இருக்க முருகன் துணை. அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. உன் வகுப்பில் பூவம்மா என்ற பிள்ளை முகம் பார்த்துப் பேசுவதில்லை, மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போய்விடுகிறாள், கேள்வி கேட்டால் பதில் இல்லை, இந்தப் பள்ளித் தவணையோடு நிறுத்திவிடலாம் என்று தலைமையாசிரியர் சொல்கிறார் என்று எழுதியிருந்தாய். அம்மா சத்தமாகப் படித்துவிட்டு, "என்னங்க, உங்களப் பத்தி எழுதுன மாதிரியே இருக்கு" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. உண்மைதான். உனக்கு இதுவரை சொன்னதில்லை, நான் நாலாம் வகுப்போடு நின்றதற்கு வறுமை காரணமில்லை. வாத்தியார் "மொகத்தப் பாத்துப் பேசுடா" என்று பிரம்பால் அடிப்பார். முகத்தைப் பார்த்தால் அவர் சொல்வது எனக்கு ஏறாது, தரையைப் பார்த்தால்தான் ஏறும். அதைச் சொல்லத் தெரியவில்லை. திமிர் என்றார், பிறகு மந்தம் என்றார், நானும் நம்பிவிட்டேன். துறைமுகக் கிடங்கில் பெட்டிகளின் எழுத்தைச் சரிபார்க்கும் வேலைக்கு வந்து, "அழகப்பன் பார்த்தால் ஒரு பெட்டிகூடத் தவறாது" என்று வெள்ளைக்காரத் துரை என்னைப் பற்றிச் சொன்ன பிறகுதான் என் மூளையில் குறை இல்லை என்று தெரிந்தது.

உனக்கு ஒன்பது வயதில் நடந்தது நினைவிருக்கிறதா? சிராங்கூன் ரோட்டில் தைப்பூச மேளம் நெருங்கியதும் நான் காதைப் பொத்திக்கொண்டு ஒரு கடைச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். குடித்திருக்கிறான் என்று ஆட்கள் சொன்னார்கள், அம்மா அழுதாள். நீதான் என் கையைப் பிடிக்காமல் சட்டை நுனியை மட்டும் பிடித்து, "அப்பா, பின்சந்து வழியா போவோம், சத்தம் போனப்புறம் வரலாம்" என்று கூட்டிப் போனாய். என்ன ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையைத் தொட்டால் எனக்கு ஆகாது என்று உனக்கு யார் சொன்னது? நீயே பார்த்துத் தெரிந்துகொண்டாய். பெரியவர்கள் யாருக்கும் வராத அறிவு அது. இப்படி ஒரு வாத்தியார் எனக்கு இருந்திருந்தால் என்று அன்றைக்கு நினைத்தேன். நீ ஆசிரியை வேலைக்குப் போகிறேன் என்றபோது அவ்வளவு தூரமா என்று அம்மா அழுதும் நான் தடை சொல்லாதது அதனால்தான்.

ஆகவே அந்தப் பிள்ளையை என்ன செய்வது என்று என்னைக் கேட்காதே, உனக்கே தெரியும். மணி அடிக்கும் முன்பே அவளிடம் சொல்லிவை, கேள்வியைச் சிலேட்டில் எழுதிக் கொடுத்துப் பார். தரையைப் பார்த்தால் பார்க்கட்டும்.

வேளைக்குச் சாப்பிடு, தண்ணீரைக் காய்ச்சிக் குடி. எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. மறந்துவிடாதே, தலைமையாசிரியர் உன் பேச்சைக் கேட்காவிட்டால் இந்தக் கடிதத்தையே அவரிடம் கொடு. முழுவதும் படிக்கட்டும், எனக்கு வெட்கமில்லை.

உன் அப்பா
அழகப்பன்