ஹிரோஷிமாவில் ஊற்றிய தண்ணீர்

ஆரணி ஜப்பானிலிருந்து வந்து மூன்று நாளாகியும் அவளுடைய முதுகுப்பை நடையில் கிடந்த இடத்திலேயே கிடந்தது. வேலை முடிந்து வருவாள், அதைத் தாண்டிப் போவாள், படுத்துவிடுவாள். நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை பொறுக்கமுடியாமல் நானே அதைத் திறந்து ஊத்தை உடுப்புகளை வெளியே எடுத்தேன். வியர்வையும் மழை ஈரமும் சேர்ந்து புளித்த வாசம். அடியில், ஒரு சட்டைக்குள் பக்குவமாகச் சுற்றி, வெறும் பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தல் ஒன்று இருந்தது. மேலே ஜப்பான் எழுத்து. கடையில் திருப்பிக் கொடுத்துக் காசு வாங்கச் சேர்த்து வைத்திருக்கும் வெறும் போத்தல்களோடு அதையும் போட்டேன்.

"அம்மம்மா, அதை எறியாதேங்கோ."

"எறியேல்லை பிள்ளை. கடையிலை குடுப்பம் எண்டுதான்."

"ஜப்பான் போத்தலை இங்கை எடுக்கமாட்டினம்." சிரித்துக்கொண்டு வந்து போத்தலை எடுத்தவள், பிறகு சிரிக்கவில்லை. "இது சின்னம்மம்மாக்கு எண்டு வாங்கினது."

சின்னம்மம்மா என்று அவள் கூப்பிட்டது உன்னைத்தானே. நீ கண்ணை மூடி இரண்டு வருடமாகிறது. உனக்கு எதற்கு ஜப்பான் தண்ணீர் என்று எனக்கு விளங்கவில்லை.

அவள் போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ இருந்திருந்தால் அவள் பக்கம்தான் நின்றிருப்பாய். தாதி வேலைக்குப் படிக்கிற பிள்ளை, லீவு கிடைத்ததும் ஒரு பையை முதுகில் போட்டுக்கொண்டு தனியாக ஜப்பானுக்குப் போகிறேன் என்றாள். குமர்ப்பிள்ளை, தனியாக. நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. போய்ச் சேர்ந்து தொலைபேசி எடுத்தாள். ஒரு அறையில் எட்டுக் கட்டிலாம், தன் கட்டிலுக்கு மேலே ஒரு நோர்வேக்காரப் பெடியன் படுத்திருக்கிறானாம். உடனே திரும்பி வாடி என்று கத்தினேன். ஆனால் அடுத்த கிழமை இங்கே ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேரன்று, கால்வாய்க் கரையில் நின்ற சனத்துக்கெல்லாம், "என்ரை பேத்தி ஜப்பானிலை நிக்கிறாள்" என்று நான்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என்னை உனக்குத் தெரியும்தானே.

சோற்று உருண்டையை வாங்கி ஆற்றங்கரையில் இருந்து சாப்பிட்டுவிட்டு, ஹிரோஷிமா முழுவதையும் கால்நடையாகவே பார்த்தாளாம். அந்த ஊருக்குள் ஆறு ஆறாக ஓடுகிறதாம். குண்டு விழுந்தபோது இருந்த மரங்கள் சிலது இன்னும் தளிர்க்கிறதாம். ஒரு காலத்தில் எங்கள் டோர்ட்மண்டில் ஓடிய பழைய ட்ராம் ஒன்று அங்கே நிற்கிறது என்றும் சொன்னாள். பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன், படத்தைக் காட்டினாள்.

போத்தலை மேசையில் வைத்துவிட்டு மிச்சத்தையும் சொன்னாள். குண்டில் செத்த சனத்துக்கு எழுப்பிய நினைவுக் கல் ஒன்றின் முன்னால் நிறையத் தண்ணீர்ப் போத்தல்கள் வைத்திருந்தார்களாம். குடை பிடித்துக்கொண்டு வந்த ஒரு வயதான மனுசி, கோப்பையில் தண்ணீர் எடுத்துக் கல்லில் ஊற்றினாளாம். கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்த மனுசி. ஆரணி ஏன் என்று கேட்டிருக்கிறாள்.

"அண்டைக்கு எரிஞ்ச சனமெல்லாம் தண்ணி, தண்ணி எண்டுதானாம் கேட்டது. குடுத்தா உயிர் போயிடும் எண்டு சொன்னதாலை கனபேர் குடுக்கேல்லையாம். அந்த மனுசியின்ரை அம்மாவும் தன்ரை தங்கச்சிக்குக் குடுக்கேல்லை. சாகுமட்டும் அதையே சொல்லிச் சொல்லி அழுதவவாம். அதாலை இப்ப மகள் வந்து ஊத்துறா."

 ஏழு கடல் தாண்டி, எங்கள் பாஷை தெரியாத சனம், ஊரெல்லாம் எரிந்து கிடந்த வேளையில், நான் சொன்ன அதே சொல்லையா சொன்னது?

"நான் சின்னம்மம்மான்ரை கதையைச் சொன்னன்," என்றாள் ஆரணி. "என்ரை அம்மம்மான்ரை சினேகிதி, பொம்பர் அடிச்ச அண்டைக்கு அவவும் தன்ரை மனுசனுக்குத் தண்ணி குடுக்கேல்லை எண்டு. அந்த மனுசி என்ரை கையைப் பிடிச்சு அழுதா. பிறகு நானும் ஒரு போத்தல் வாங்கி சின்னம்மம்மான்ரை பேரைச் சொல்லி ஊத்தினன்."

 உன் பெயர் ஹிரோஷிமா வரை போய்விட்டது, நீ செய்யாத குற்றத்தோடு.

அந்தக் காலையை நான் எழுதாமலே உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதவேண்டும். இருபத்தொரு வருடமாக நான் ஒருவருக்கும் சொல்லாத கதை அது. குண்டு போடுகிற பொம்பர் ஊரில் எங்கள் பக்கம் வரத் தொடங்கிய புதிது. பதுங்கிக்கொள்ளப் பங்கர் வெட்டப் பழகாத காலம். உன் அவர் கிணற்றடியில் குளித்துக்கொண்டு நின்றார். சத்தம் ஓய்ந்து நான் வேலியால் புகுந்து ஓடி வந்தபோது, வயிற்றைப் பொத்திக்கொண்டு கிணற்றுத் துலாவடியில் கிடந்தார். "தண்ணி" என்றார். நீ செம்போடு ஓடி வந்தாய். அவர் வாய்க்கும் செம்புக்கும் ஒரு சாண் இல்லை.

நான்தான் தட்டிவிட்டேன். "குடுக்காதை. வயித்துக் காயம். தண்ணி உள்ளை போனா ஆள் முடிஞ்சுது."

என் பெரியண்ணை ஆஸ்பத்திரியில் வேலை செய்தவர். அவர் வாயால் வந்ததெல்லாம் எனக்கு மனப்பாடம். ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் எங்கள் ஒழுங்கையில் ஒருத்தருக்குக் காய்ச்சல் என்றால் என்னிடம்தான் கேட்பார்கள். அந்த எடுப்பு எனக்கு. செம்பு உருண்டு போனது. தண்ணீர் உன் சேலைத் தலைப்பில் கொட்டியது. நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். எதிர்த்து ஒரு சொல் சொல்லவில்லை. என்னை நம்பினாய்.

காரில் ஏற்றினோம். பெரிய ரோட்டில் துவக்கோடு ஆமிக்காரர் மறித்து நின்றதால் ஒழுங்கை ஒழுங்கையாக இரண்டு மணித்தியாலம் சுற்றினோம். அவர் தலை உன் மடியில். "இஞ்சரப்பா, ஏன் தாறாயில்லை?" என்று உன்னைத்தான் கேட்டார். முன் சீற்றில் இருந்த என்னைக் கேட்கவில்லை. பிறகு சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போக முன்னமே முடிந்துவிட்டது.

அந்த ஆண்டே பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இந்த நாட்டுக்கு, ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில், இரண்டு பேரும் ஒன்றாக வந்து இறங்கினோம். அகதி முகாமில் ஒரே அறை. முதல் காலையே அவர் படத்தை யன்னலில் வைத்து ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்தாய். அது காஸ் அடைத்த தண்ணீர் என்று எங்களுக்குத் தெரியாது. கிளாசுக்குள் குமிழி குமிழியாக ஏறியது. நீ ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாய். "இந்த நாட்டுத் தண்ணி கடிக்குதடி. இதைக் குடிச்சா அவருக்கு ஏவறைதான் வரும்." இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம். ஊரை விட்ட பிறகு நீ சிரித்ததை அன்றுதான் கண்டேன். அடுத்த நாளிலிருந்து பைப் தண்ணீர் வைத்தாய். சாகும் வரைக்கும் ஒரு காலை தவறவில்லை.

அகதி விசாரணையில் உன் மனுசன் எப்படிச் செத்தார் என்று கேட்டிருக்கிறார்கள். வெளியே வந்து வாங்குப் பலகையில் எனக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு சொன்னாய். "நான் தண்ணி குடுக்கேல்லை எண்டும் சொல்லிப்போட்டன். அந்த வெள்ளைக்காரன் ஏன் எண்டு கேட்டான். பயந்திட்டன் எண்டு சொன்னன்."

நான் காத்திருந்தேன். "நீ தடுத்ததாலைதான்" என்று இப்போது சொல்வாய், இனிச் சொல்வாய் என்று நிலத்தைப் பார்த்தபடி இருந்தேன். நீ சொல்லவில்லை. அன்று மட்டுமல்ல, திவசத்துக்குத் திவசம், கேட்டவருக்கெல்லாம், "நான் குடுக்கேல்லை" என்றே சொன்னாய். நானும் பக்கத்தில் இருந்து பருப்பு அரித்துக்கொண்டு, "அழாதை" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நீ மறந்துவிட்டாய் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். கேட்க வாய் வரவில்லை.

நேற்று வாய் வந்தது. "ஆரணி, நீ அந்த மனுசிக்குப் பிழையாச் சொல்லிப்போட்டாய்."

"என்னத்தை?"

"அவள் குடுக்க வந்தவள். செம்பைத் தட்டிவிட்டது நான்."

 பிள்ளை எனக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். "அம்மம்மா, வயித்துக் காயத்துக்குக் குடிக்கக் குடுக்கக் கூடாதுதான். எங்களுக்கும் அப்பிடித்தான் படிப்பிக்கினம். நீங்கள் சொன்னது சரி."

எனக்குள் பழைய எடுப்பு ஒரு கணம் தலை நிமிர்த்தியது, மறைக்க மாட்டேன். ஆனால் அவள் முடிக்கவில்லை.

"ஆனா வாயை நனைச்சு விட்டிருக்கலாம். ஈரத்துணியாலை உதட்டை ஒத்தி விட்டாலே காணும். நாங்கள் வார்டிலை ஒவ்வொரு நாளும் செய்யிறது."

உன் சேலைத் தலைப்பு நனைந்து சொட்டிக்கொண்டிருந்ததடி. அவர் தலைக்குப் பக்கத்தில், உன் மடியில், இரண்டு மணித்தியாலம். அது உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. எல்லாம் தெரிந்தவள் என்று முன் சீற்றில் ஏறி இருந்த எனக்குத் தோன்றவில்லை.  ஆரணி தேத்தண்ணி ஊற்றி வைத்தாள், அது ஆறி ஆடை படர்ந்தது.

பின்னேரம், கனடாவில் விடிந்திருக்கும் என்று கணக்குப் பார்த்து, உன் மகள் வசந்திக்கு எடுத்தேன். அன்று அவளுக்குப் பதின்மூன்று வயது. இவ்வளவு காலமும் தாயைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாளோ என்ற பயம். சுகம் விசாரித்தவளை இடையில் மறித்து, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.  

"தெரியும் மாமி."

"ஆர் சொன்னது?"

"ஆரும் சொல்லேல்லை. நான் குசினி வாசல்லை நிண்டு கண்டனான். கனடாவுக்கு வர முந்தி அம்மாட்டைக் கேட்டன், ஏன் எப்பவும் உங்கடை தலையிலையே போடுறியள் எண்டு."

"என்ன சொன்னவள்?"

 "சொன்னாக் கோவிக்கக் கூடாது மாமி. 'அவளுக்கு அது ஞாபகமில்லையடி. ஞாபகப்படுத்தாதை. அவள் எடுப்புக்காரி, தெரிஞ்சா உடைஞ்சு போவாள். இந்த நாட்டிலை எனக்கு அவளை விட்டா ஆர் இருக்கினம்' எண்டு சொன்னவா."

தொலைபேசியை வைத்தேன்.

ஞாபகமில்லை என்றா நினைத்தாய்? நான் உன்னைப் பார்த்து, நீ மறந்துவிட்டாய் என்று இருந்தேன். நீ என்னைப் பார்த்து, நான் மறந்துவிட்டேன் என்று இருந்தாய். ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே பஸ்ஸில் போய் வந்து, இவ்வளவு காலம். நீ எனக்காக மறைத்தாய். நான் எனக்காக மறைத்தேன். ஊரில் மறுபடியும் பொம்பர் சுற்றுகிறது என்று ரீவியில் காட்டும்போதெல்லாம் நீ எழுந்து வந்து என் தோளில் கை வைப்பாயே. உனக்குத்தான் பயம் என்று நினைத்திருந்தேன்.

இரவு முழுக்க உன்னோடு சண்டை பிடித்தேன். ஏனடி ஒருமுறையாவது என்னைத் திட்டவில்லை என்று. திட்டியிருந்தால் நானும் உன்னோடு இருந்து அழுதிருப்பேனே. நீ தனியாக அழுதாய், நான் பருப்பு அரித்தேன்.

இன்று விடிந்ததும் ஆரணியை எழுப்பினேன். அந்த ஜப்பான் மனுசி தன் விலாசத்தை எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஒரு கடிதம் எழுதவேண்டும் என்றேன். நான் தமிழில் சொல்ல அவள் இங்கிலீஷில் எழுதினாள். என் சினேகிதி தண்ணீர் கொடுக்க ஓடி வந்தவள் என்பதுதான் முதல் வரி. உங்கள் அம்மாவின் கையையும் யாராவது பிடித்துத் தடுத்திருப்பார்கள், பிடித்தவள் வாய் திறக்காமல் செத்திருப்பாள் என்பது இரண்டாவது. 

"தட்டிவிட்டது ஆர் எண்டு போடவேணுமே, அம்மம்மா? பக்கத்து வீட்டு மனுசி எண்டு மட்டும் போடட்டோ?"

"இல்லை. என்ரை பேரைப் போடு. அப்பான்ரை பேரோடை முழுப்பேரையும் போடு. கையெழுத்தை நானே வைக்கிறன்."