போதுமா என்று கேட்டவளுக்கு

செம்பூரில் என் பக்கத்து ஃபிளாட் பெண் ஏதோ நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறாள். நேற்று அவள் புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். ஆயத்தொலை வடிவியலில் ஒரு வகைக் கேள்வி: கணக்கைப் போடவே வேண்டாம், கொடுத்திருக்கும் தகவல் போதுமா போதாதா என்று மட்டும் சொல்ல வேண்டும். அதற்கே மதிப்பெண்ணாம்! நீ போய் நான்கு மாதம் ஆகிறது. உன் நினைவு வந்ததும் அழுகை வரும் என்று நினைத்தேன். வந்தது பொறாமை. அறுபதுகளிலேயே யாரும் கேட்காமல் நீ செய்துகொண்டிருந்தது இதைத்தானே.

நான் மாட்டுங்கா, நீ தாராவி. பி.எஸ்ஸி. வகுப்பில் ஒரே பெஞ்ச். கணக்கைக் கண்டதும் எனக்குக் கை பரபரக்கும். நீயோ பேனாவின் மூடியைக்கூடக் கழற்ற மாட்டாய். "ஏட்டி, பொறு. இதுல குடுத்திருக்கது போதுமான்னு முதல்ல பாரு" என்பாய். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"கணக்குன்னு குடுத்தா போட வேண்டியதுதானே? இதுல என்ன ஆராய்ச்சி?" என்பேன். நீ தாளையே பார்த்துக்கொண்டிருப்பாய்.

கடைசி வருஷம் ஒரு வகுப்புத் தேர்வில் மேடம் வேண்டுமென்றே ஒரு கேள்வி வைத்தார். (1, 2), (3, 4) என்ற புள்ளிகள் வழியே செல்லும் வட்டத்தின் சமன்பாடு என்ன? நான் இரண்டு பக்கம் எழுதித் தள்ளினேன். அந்தப் புள்ளிகள் விட்டத்தின் இரு முனைகள் என்று யாருமே சொல்லாததை நானாக வைத்துக்கொண்டிருக்கிறேன் என்பது தாள் திரும்பி வந்தபோதுதான் உறைத்தது. நீ எழுதியது இரண்டே வரி. மையம் x + y = 5 என்ற கோட்டில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம், எண்ணற்ற வட்டங்கள் வரும்; இன்னொரு தகவல் வேண்டும். மேடம் அதை வகுப்பில் உரக்கப் படித்தார். எல்லோரும் உன்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

எம்.எஸ்ஸி.க்குக் கல்லூரி ஒரே ஒருத்தியின் பெயரைத்தான் பரிந்துரைக்கும். அந்த வாரம் நீ இரண்டு நாள் வரவில்லை. முந்தின ஞாயிறு உன் அம்மா மாட்டுங்கா மார்க்கெட்டில் கூறைப்புடவை எடுப்பதைப் பார்த்திருந்தேன். வராந்தாவில் மேடம் என்னை நிறுத்தி, "உன் ஃப்ரெண்டு ஏன் வரலை?" என்று கேட்டார்.

"அவளுக்குக் கல்யாணம் மேடம். இனிமே படிக்க மாட்டா."

அவ்வளவு தெளிவாக நான் எந்தக் கணக்குக்கும் விடை சொன்னதில்லை.

புடவை உன் அக்காவுக்கு. நீ திரும்பி வந்தபோது அறிவிப்புப் பலகையில் என் பெயர் இருந்தது. கல்யாண லட்டை என் கையில் வைத்து, "எனக்குத் தெரியும்ட்டி, ஒனக்குத்தான் கெடைக்கும்னு" என்று சிரித்தாய். இழந்தவள் நீ. அந்த இடத்தில் எனக்கு அப்படிச் சிரிக்க வராதே என்று அதற்கும் பொறாமைப்பட்டேன். பிறகு நான் எம்.எஸ்ஸி. முடித்து ஓர் ஆபீஸில் ஃபைல் பார்த்தேன். நீ தாராவியிலேயே பள்ளிக்கூட டீச்சர் ஆனாய். உன் தெருவில் உன்னோடு நடந்தால் பத்தடிக்கு ஒருவர் நிறுத்தி உனக்கு வணக்கம் சொல்வார்கள். எனக்கு என் மாடியில் லிஃப்ட்காரர் மட்டும்தான்.

நான் உன் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்தபோது உன் மகள், "ஒங்களப் பத்தி அம்மா நெறைய சொல்லுவாங்க, ஆன்ட்டி" என்றாள். என்ன சொல்வாய் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. தெரிந்து சிரித்தாயா, தெரியாமல் சிரித்தாயா? என்னிடம் இருப்பதை வைத்து அதைச் சொல்ல முடியாது.

இந்த மடலிலும் ஒன்றை விட்டுவிட்டேன். நீ படித்திருந்தால் உடனே பிடித்திருப்பாய். நீ ஏன் வரவில்லை என்று கேட்பதற்கு முன்பே மேடம் என்னிடம் சொன்னார்: "அவ பேரைத்தான் அனுப்பப்போறேன், ஒரு கையெழுத்து வாங்கணும்." இத்தனை வருஷமாக நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருப்பது அந்த ஒரு வாக்கியத்தைத்தான். அதைக் கேட்ட பிறகுதான் உனக்கு நான் கல்யாணம் செய்துவைத்தேன்.