சீராக வந்த புடவை

மண்ணூர்
20.1.82

மாமாவுக்குப் பாஞ்சாலி எழுதுவது. நம் பாப்பாவுக்குச் சளி தேவலை. எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

லாரியில் கள்ளக்கடத்தல் துணி ஏற்றியதற்கு ஆறு மாதமாக உள்ளே இருக்கிறீர்கள். அப்ரூவராகி, சரக்கை எங்கே இறக்கினோம் என்று சொன்னால் மன்னிப்பு வாங்கித் தருவதாகச் சர்க்கார் வக்கீலே சொல்லியும் வாயைத் திறக்கவில்லையாமே. யாருக்காக? டீக்கடை அம்சவல்லி இரண்டு தடவை ஜெயிலுக்கு வந்துபோனாளாம். "எல்லப்பன் அவ வூட்லதான் எறக்கிக்கீறான்" என்று ஊரே பேசுகிறது. எனக்கு வயிறு எரிகிறது.

ரத்தினம் அண்ணன் பொங்கல் சீர் கொண்டுவந்தான். வருஷா வருஷம் சீட்டிப்புடவை. இந்தத் தடவை வழுவழுவென்று நைலக்ஸ். எனக்கென்று அவனாவது இருக்கிறான்.

பாஞ்சாலி

சென்னை ஜெயில்
28.1.82

அன்புள்ள பாஞ்சாலிக்கு,

இங்கே கடிதத்தைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். அதனால் கொஞ்சமாக எழுதுகிறேன். அம்சவல்லி வந்தது அவள் தம்பி, என்னோடு உள்ளே இருக்கும் நம் லாரி கிளீனர் சின்னப்பையனைப் பார்க்க. அவள் கடையில் டீ குடித்ததோடு சரி. நான் பேசாமல் இருப்பது உனக்காக. ஏன் என்று கேட்காதே. அந்தப் புடவையைக் கட்டாமல் பெட்டியிலேயே வை.

எல்லப்பன்

மண்ணூர்
5.2.82

மாமா,

எனக்காக என்று எழுதக் கை கூசவில்லையா? நானே சர்க்கார் வக்கீலிடம் போய், அம்சவல்லி வீட்டில்தான் சரக்கு என்று சொல்லிவிட்டேன். அவளையும் விசாரணைக்கு வரச்சொல்லியிருந்தார்கள். பெட்டியில் வைக்கச் சொன்னீர்களே, அதைத்தான் கட்டிக்கொண்டு போனேன். அவள் வெளுத்த புடவையில் நின்றாள்.

வக்கீல் அவளைப் பார்க்கவே இல்லை. என் முந்தானையையே பார்த்தார். "எங்கேம்மா வாங்கினது?" என்றார். "எங்க அண்ணன் வச்ச சீரு சார், பிள்ளைப்பாக்கம் ரத்தினம்" என்று அவள் காதில் விழுகிற மாதிரி சொன்னேன். பேரை எழுதிக்கொண்டார். இனி சீக்கிரம் வந்துவிடுவீர்கள்.

பாஞ்சாலி

சென்னை ஜெயில்
19.2.82

பாஞ்சாலி,

ரத்தினத்தின் வைக்கோல்போரைப் பிரித்து மீதிச் சரக்கை எடுத்துவிட்டார்கள். நான் இறக்கியது அங்கேதான். என்னை இதில் சேர்த்துவிட்டவனும் அவன்தான். உன் கூடப்பிறந்தவனை நானே காட்டிக்கொடுத்துவிட்டு உன் முகத்தில் எப்படி விழிப்பது என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

நேற்று அவன் அப்ரூவர் ஆகிவிட்டான். மாஜிஸ்திரேட் முன்னால் சரக்கு முதலாளி பேரோடு என் பேரையும் சொன்னான். நானும் அப்ரூவராகிறேன் என்று கேட்டதற்கு, "ஒரு ஆள் போதும்பா" என்றார் சர்க்கார் வக்கீல். கேஸ் முடிந்ததும் அவன் வீட்டுக்குப் போவான், நான் போகமாட்டேன். நினைத்தால் எனக்கும் வயிறு எரியத்தான் செய்கிறது.

அம்சவல்லியிடம் போய் ஒரு வார்த்தை சொல்லிவிடு. அடுத்த பொங்கலுக்கு ரத்தினம் சீர் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பாதே. உனக்குப் பிறந்த வீடு என்று இருப்பது அவன் ஒருவன்தான்.

எல்லப்பன்